களியும் ஒரு குழம்பும்: ராபர்ட்சன்பேட்டை இரவுச் சமையல்

சிக்கனம் என்றால் நாக்கை அடக்குவது என்று எண்ணுவோர் பலர். எண்ணெயைக் குறைத்து, தேங்காயை நிறுத்தி, பருப்பில் இரண்டு செம்பு தண்ணீரைக் கூட்டிவிட்டால் வீட்டுச் செலவு அடங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் ஊர்க் கணக்கு வேறு. இரவு உணவு சுவையாக இல்லாவிட்டால் அங்கே செலவு கூடிவிடும். அது எப்படி என்பதையும், குறைந்த காசில் நாவுக்கு நிறைவாக இரவு உணவு சமைப்பது எவ்வாறு என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் கூட்டங்கூட்டமாக அங்கே குடியேறினர். அவர்களுடைய கடைவீதியாக எழுந்த ஊரே ராபர்ட்சன்பேட்டை. மைசூரில் ஆங்கில ரெசிடெண்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் ஊரில் பாதிக் குடும்பத்துக்குப் பிழைப்பு பெங்களூரில் என்றாயிற்று. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலில் ஏறி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பயணம் செய்து, வேலை முடிந்து, அதே தொலைவைக் கடந்து இரவில் திரும்புகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்பா அவ்வாறே வருகிறார்.

காலையும் பகலும் கையில் கட்டிக் கொண்டுபோன ஆறிய சோறு. சூடாகச் சாப்பிடுவது இரவு ஒரு வேளைதான். வீட்டில் காத்திருப்பது வெறும் சோறும் நீர்த்த சாம்பாரும் என்று தெரிந்தால், பசித்தவன் என்ன செய்வான்? ரயில் நிலைய வாசலில் பஜ்ஜி, பங்காருப்பேட்டையில் தேநீரும் வடையும், வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு பரோட்டாப் பொட்டலம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அரிசி, பருப்புக்குச் செலவிட்டதைவிட இந்தச் சில்லறைச் செலவே மிகுதியாக நிற்கும். ஆகவே குடும்பப் பெண்கள் அறிந்த உண்மை ஒன்று உண்டு. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிறது என்று காலையிலேயே சொல்லி அனுப்பிவிட்டால், மனிதர் நேரே வீட்டுக்கு வருவார்.

இனி முதற்பொருள் களி. இங்கே ஒரு கேள்வி எழும். ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறதே. 2023 ஜனவரி முதல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாடெங்கும் அவ்வாறுதானே வழங்குகிறார்கள்? கேழ்வரகுக்கோ 2024-25ஆம் ஆண்டில் அரசு அறிவித்த ஆதரவு விலையே குவிண்டாலுக்கு 4,290 ரூபாய், அதாவது கிலோவுக்கு 43 ரூபாய். கடையில் அதற்கு மேலும் இருக்கும். விலையில்லாச் சோற்றை விட்டுக் காசு கொடுத்துக் களி தின்பது சிக்கனமா என்று கேட்கலாம்.

சோற்றுக்கு விலையில்லை என்பது மெய்யே. ஆனால் சோறு துணையின்றி இறங்காது. குழம்பு வேண்டும், அது தீர்ந்தால் ரசம் வேண்டும், தொட்டுக்கொள்ளப் பொரியல் வேண்டும், முடிவில் மோர் வேண்டும். களிக்கு ஒரே குழம்பு போதும். களியை மெல்லுவதில்லை, கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்குவதுதான் முறை. அதற்கென்று தனிச் சுவை மிகுதியாக இல்லாததால் குழம்பின் உறைப்பும் புளிப்பும் மணமும் நாவில் அப்படியே நிற்கின்றன. எனவே விலையுயர்ந்த பொருளைச் சிறிதளவு போட்டாலும் குடும்பம் முழுவதற்கும் அதன் சுவை எட்டுகிறது. நான்கு பேருக்கு 400 கிராம் மாவு என்று கொண்டால் ஆதரவு விலைக் கணக்கில் 17 ரூபாய். ஒரு பொரியலுக்கு ஆகும் காய் விலையில் அது அடங்கிவிடும். மேலும் களி தின்ற வயிறு இரவு பதினொரு மணிக்குப் பிஸ்கட்டுத் தேடாது.

ரேஷன் அரிசியையும் வீணாக்க வேண்டியதில்லை. அதை நொய்யாக உடைத்துக் களியில் சேர்ப்பதே வட ஆற்காட்டு வழக்கம். மாவு 3 தம்ளர் என்றால் நொய் அரைத் தம்ளர், தண்ணீர் 7 தம்ளர், உப்புச் சிறிது. நீர் கொதித்ததும் நொய்யைப் போட்டுக் குழைய வேகவிட வேண்டும். பிறகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டுக, கிளறக் கூடாது. துடுப்பின் காம்பினால் குவியலின் நடுவே ஒரு துளை இட்டால் கொதிநீர் அதன் வழியே மேலே பொங்கி வரும். தீயைத் தணித்து, பாதி மூடி, எட்டுப் பத்து நிமிடம் விட்டுவிட்டால் மாவு உள்ளேயே வெந்துவிடுகிறது. அதன்பின் பாத்திரத்தை இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு, துடுப்பால் ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். தோளுக்கு வேலைதான். கட்டி தட்டாமல் திரண்டதும் மூடி, சிறு தீயில் இரண்டு நிமிடம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாதிருப்பதே பதம். நனைத்த தட்டில் எடுத்து உருட்டிவிடலாம்.

அடுத்துக் கருவாட்டுக் குழம்பு. நான்கு பேருக்கு நெத்திலிக் கருவாடு 50 கிராம் போதும். புது மீன் அரைக் கிலோ வாங்கினாலும் இந்த மணம் வராது. தலையைக் கிள்ளி எறிந்து, வெந்நீரில் சிறிது நேரம் போட்டு, மணல் போக இரண்டு மூன்று முறை கழுவுக. இரண்டு கரண்டி எண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, பத்துச் சின்ன வெங்காயம், அதே அளவு பூண்டுப் பல், ஒரு தக்காளி வதக்கி, கால் கிலோ கத்தரிக்காயும் காலையிலேயே ஊறவைத்து வேகவைத்த ஒரு கைப்பிடி மொச்சையும் சேர்க்க வேண்டும். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, குழம்புத் தூள் போட்டு, எண்ணெய் மிதக்கும்வரை கொதித்த பிறகே கருவாடு. அது ஏழு நிமிடத்துக்கு மேல் கொதித்தால் கரைந்து முள்ளாகப் போகும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுவது நலம். கருவாட்டிலேயே உப்பு உண்டு. இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு வாரம் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்ற நாளைக்கு நாங்கள் கன்னடத்து அண்டை வீட்டாரிடம் கற்ற ‘பஸ்ஸாரு’ இருக்கிறது. கன்னடத்தில் ‘பசி’ என்றால் வடித்தல் என்று பொருள். நம் தமிழ்க் காதுக்கு அது வேறு விதமாகக் கேட்பதும் பொருத்தமே! பயறும் கீரையும் ஒன்றாக வேகவைத்து வடித்தால், வடித்த நீர் குழம்பாகும், நின்றது பொரியலாகும். ஒரு பாத்திரம், ஓர் எரிவாயுச் செலவு, இரண்டு பதார்த்தம். ஒற்றை அறையும் ஒற்றை அடுப்புமாக இருந்த லைன் வீடுகளுக்கு இதைவிட ஏற்ற முறை கிடையாது.

இதற்கு நான் கொள்ளையே பரிந்துரைப்பேன். பெரும்பாலும் துவரம்பருப்பைவிட மலிவு. புரதமோ அதற்குச் சமமாக 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம். குதிரைத் தீனி என்று இகழ்வாரை நான் பொருட்படுத்துவதில்லை. வேலைக்குப் புறப்படுமுன் 150 கிராம் கொள்ளை ஊறப்போட்டுவிட்டால் மாலையில் எரிபொருள் பாதியாகக் குறையும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீர் ஐந்து தம்ளர் ஊற்றிக் குக்கரில் வேகவைத்து, பின்னர் முளைக்கீரையோ பண்ணைக்கீரையோ இரண்டு பிடி சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிக்க வேண்டும். வதக்கிய வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், மல்லித்தூள், மிளகாய்த்தூள், தேங்காய் ஒரு கீற்று. இவற்றோடு வெந்த கொள்ளும் கீரையும் இரண்டு கரண்டி சேர்த்து அரைக்க வேண்டும். அந்த இரண்டு கரண்டிதான் குழம்புக்கு உடலைக் கொடுப்பது. அதை விட்டால் வெறும் நீராக ஓடும். அரைத்ததை வடிநீரில் கரைத்து, புளி விட்டுக் கொதிக்கவைத்து இறக்கலாம். மீதிக் கொள்ளையும் கீரையையும் கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துப் புரட்டினால் பொரியல் ஆயிற்று.

புளிப்பைப் பற்றி ஒரு சொல். கோலார் மாவட்டம் தக்காளிக்குப் பேர்போனது. விலை வீழ்ந்த நாளில் கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதைப் பார்க்கலாம். அதே தக்காளி 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதையும் பார்த்தோம். மலிந்த நாளில் ஐந்து கிலோ வாங்கி உப்பும் மிளகாயும் சேர்த்துத் தொக்காகச் சுண்டவைத்துவிட்டால் விலை ஏறிய நாளில் ஒரு கரண்டி கைகொடுக்கும். கோடையில் சீனிவாசபுரத்து மாங்காய் வரும்போது புளியும் வேண்டாம், தக்காளியும் வேண்டாம்.

உடல்நலக் கணக்கை விரிக்கப் போவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 350 மில்லிகிராமைச் சுற்றி இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. கீரையிலும் கொள்ளிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க, எலுமிச்சை போன்ற புளிப்பு துணை செய்யும். சாப்பிட்ட உடனே குடிக்கும் தேநீர் அதைக் கெடுக்கும். தேநீர்ப் பிரியர்களான நம் நண்பர்கள் ஒரு மணி நேரம் பொறுத்திருப்பார்களாக.

அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நண்பர்கள், துடுப்பு இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. உறுதியான மரக்கரண்டி போதும். ஒருவருக்கென்று சமைத்தால் மட்டும் செலவு தாழாது. மூவர் நால்வர் சேர்ந்து ஒரு குக்கர் வைத்துக்கொண்டு, கொள்ளு ஊறவைப்பதை ஒருவரும் கிண்டுவதை ஒருவரும் கீரை ஆய்வதை ஒருவருமாகப் பகிர்ந்துகொள்க. சந்தைக்குப் போவதை மட்டும் இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கடை கட்டும் நேரத்தில் கீரைக்காரம்மா சொல்லும் விலையே வேறு.

களி மிஞ்சினால் எறிந்துவிடாதீர்கள். உருண்டை மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், காலையில் அதைக் கரைத்து, மோரும் உப்பும் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு முதல் வகுப்புக்குப் போகலாம்.