எந்த ஆஸிலாஸ்கோப் வாங்கலாம்?

கேள்வி: ஆர்டுயினோ, சின்ன ஆடியோ ஆம்ப்ளிஃபையர் என்று வீட்டில் சர்க்யூட் செய்து பழகுகிறேன். முதல் டிஜிட்டல் ஆஸிலாஸ்கோப்புக்கு 50 மெகாஹெர்ட்ஸ் போதுமா, 100-க்குப் போகலாமா?

பதில்: ஆடியோ, சீரியல், ஐ2சி சிக்னல்களுக்கு 50 தாராளம். ஆனால் 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப், அதே அதிர்வெண்ணில் வரும் சைன் அலையை 70 சதவீத உயரத்துக்குத்தான் காட்டும். சதுர அலையின் விளிம்பு ஒழுங்காகத் தெரிய, அதன் அதிர்வெண்ணைப்போல் ஐந்து மடங்கு பேண்ட்வித் வேண்டும். ஊனோ போர்டின் 16 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கை ஆராய வேண்டுமென்றால் 100 வாங்குங்கள்.

சாம்பிளிங் வேகத்தையும் பாருங்கள். ரைகால் டிஎஸ்1054இசட்டில் நொடிக்கு 100 கோடி சாம்பிள் என்பது ஒரு சானலுக்கு மட்டும். நான்கையும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 25 கோடிதான்.

சில மாடல்களில் பேண்ட்வித்தைப் பிற்பாடு லைசென்ஸ் வாங்கிக் கூட்டிக்கொள்ளலாம். சானலைக் கூட்ட முடியாது. எனவே பட்ஜெட் இடித்தால் நான்கு சானல் உள்ள 50 மெகாஹெர்ட்ஸையே எடுங்கள்.

புரோபை எப்போதும் 10எக்ஸில் வையுங்கள். 1எக்ஸில் பேண்ட்வித் சில மெகாஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடும். புரோபின் கிரவுண்ட் கிளிப் பிளக்கின் எர்த்தோடு நேராக இணைந்திருக்கிறது. அதை மெயின்ஸ் லைனில் மாட்டவே மாட்டாதீர்கள். கருவி மட்டுமல்ல, உயிரும் போகும்.