மாங்கனியைச் சூழ்ந்த வெண்கோடு

கேள்வி: காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்காக நீலப் பின்னணியில் மஞ்சள் மாம்பழம் அமைத்து அச்சிட்ட எங்கள் அழைப்பிதழில், பழத்தின் ஓரமெங்கும் மெல்லிய வெண்கோடு தெரிகிறது. கணினியில் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், நெரவி

பதில்: வர்ணத்துக்கொரு தகடாக ஒன்றன்பின் ஒன்று பதியும்போது, ஈரத்தால் விரிந்தோ இயந்திரத்தின் இழுப்பால் நகர்ந்தோ தாள் மயிரிழையளவு பிசகினாலும், இரு வர்ணங்கள் சந்திக்கும் எல்லையில் வெள்ளைத் தாள் வெளிப்பட்டுவிடுகிறது. 1894இல் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா நிறுவிய அச்சகத்தில் வர்ணத்துக்கொரு கல்லாக அச்சிட்ட நாளிலிருந்தே உள்ள சிரமம் இது.

இதற்குப் பரிகாரம் ‘டிராப்பிங்’. அதாவது, வெளிர்வர்ணத்தை அடர்வர்ணத்துக்குள் சிறிதே படரவிடுதல். உருவத்தின் எல்லையைக் கண்ணுக்கு உணர்த்துவது அடர்வர்ணமே ஆகையால், மஞ்சள் நீலத்துக்குள் புகுந்தாலும் பழம் பருத்துத் தோன்றாது. நீலம் மஞ்சளுக்குள் புகுந்தாலோ வடிவமே சிறுத்துவிடும். இன்டிசைன் மென்பொருளில் இப்படர்வின் அகலம் பொதுவாக 0.25 பாயிண்டும், கறுப்பைச் சார்ந்த எல்லைகளுக்கு 0.5 பாயிண்டும் முன்கூட்டியே அமைந்திருக்கும். மை ஊறிப் பரவும் மட்டமான தாளானால் அச்சகத்தாரைக் கலந்து இவற்றை உயர்த்தலாம். அவர்களே தகடு தயாரிக்கையில் டிராப்பிங் செய்பவர்களானால், நீங்கள் மீண்டும் செய்வது அனர்த்தம். சிறிய கறுப்பெழுத்துகளை வர்ணத்தின்மேல் நேரே பதியும் ‘ஓவர்பிரிண்ட்’ முறையில் விட்டுவிடுங்கள்.

என் அபிப்பிராயத்தில், இவ்வமைப்புகளினும் சிறந்தது வர்ணத் தேர்வு. மஜெந்தாவும் மஞ்சளும் கலந்த சிவப்பைப் பின்னணியாக்கினால், மஞ்சள் மை பழத்திலும் பின்னணியிலும் இடையறாது ஓடுமாதலால், தாள் சற்றுப் பிசகினாலும் வெண்கோட்டுக்கு இடமே இராது.