காற்பந்துக் குழுவும் கைக்கணக்கும்

கௌதம்புரா, ஆஸ்டின் டவுன், ஹலசூர்ப் பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்குக் காற்பந்து புதிதல்ல. கௌதம்புராவில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பிரேசில் வீரர் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். இந்த நகரத்தின் ஆசையும் சிறியதல்ல. 1937லும் 1938லும் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற குழு வென்று வந்தது. ஆகவே, "நம் பிள்ளைகளின் குழு மேல் பிரிவுக்கு ஏறக்கூடாதா?" என்று ஒருவர் கேட்டால் அதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஏறிய பிறகு அங்கே நிற்பதற்கு யார் பணம் தருவார்கள், எத்தனை நாள் தருவார்கள் என்பதையும் உடனே கேட்டாக வேண்டும்.

முன்பு இக்கேள்வி எழவில்லை. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணி நடத்தின. தெருக் குழு பிள்ளையை வளர்க்கும், ஆலை அவனுக்குச் சம்பளம் தரும். முட்டி போனாலும் வேலை போகாது. ரயில்வேயிலும் இதே முறைதான். எச்.ஏ.எல். அணி 2010ல் ஐ-லீக் வரை ஏறியது. பெரும்பாலும் சொந்த ஊழியர்களைக் கொண்ட அந்த அணி, வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்கிய குழுக்களோடு இரண்டு பருவம் மோதிவிட்டு 2012ல் கடைசி இடத்தோடு இறங்கியது. இறங்கினாலும் ஆட்டக்காரர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதை நான் சிறு விஷயமாக நினைக்கவில்லை.

ஆலை அணிகளுக்கு அடுத்து வந்தவை, ஒரே புரவலரின் பணத்தில் நடக்கும் குழுக்கள். ஆஸ்டின் டவுனில் வளர்ந்த கார்ல்டன் சாப்மனின் வாழ்க்கையிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். 1996-97ல் முதல் தேசிய லீக்கை வென்ற பஞ்சாபின் ஜே.சி.டி. அணியில் அவர் இருந்தார். அடுத்த பருவம் எஃப்.சி. கொச்சின் என்ற புதிய தொழில்முறைக் குழுவுக்குப் போனார். அக்குழு பிறந்த ஆண்டிலேயே, 1997ல், டூரண்ட் கோப்பையை வென்றது. ஐந்தே ஆண்டில் சம்பள பாக்கியோடு படுத்துவிட்டது. ஜே.சி.டி. நிறுவனமும் 2011ல் தன் அணியை மூடியது. தமிழ்நாட்டுக் கதையும் இதுதான். சென்னை சிட்டி 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசெல் குழு அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. சில ஆண்டுகளில் பங்காளியும் இல்லை, களத்தில் அணியும் இல்லை.

இங்கிலாந்தில் லீக்கின் நான்கு பிரிவுகளுக்கும் கீழே நூற்றுக்கணக்கான சிறு ஊர்க் குழுக்கள் ஆடுகின்றன. நாம் பாடமாகப் படிக்க வேண்டிய குழு ஒன்று அங்கே இருந்தது. 1992ல் ரஷ்டன் டவுன், இர்த்லிங்பரோ டயமண்ட்ஸ் என்ற இரண்டு சிறிய குழுக்களை இணைத்து ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ் ஆக்கினார்கள். டாக்டர் மார்ட்டென்ஸ் காலணித் தொழிலை நடத்திய மாக்ஸ் கிரிக்ஸ் பணம் போட்டார். நல்ல மைதானம் எழும்பியது. 2001ல் லீக்கில் நுழைந்தார்கள், 2003ல் மேலும் ஒரு படி ஏறினார்கள். 2005ல் கிரிக்ஸ் குழுவை ரசிகர் அமைப்பிடம் ஒப்படைத்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். பதின்மூன்று ஆண்டு ஒருவர் கொடுப்பதே பெரிது. ஆனால் மைதானமும் சம்பளப் பட்டியலும் அவர் பையின் அளவுக்குத் தைக்கப்பட்டவை. அடுத்த ஆண்டே லீக்கிலிருந்து இறங்கி, 2011ல் கீழ்ப் பிரிவிலிருந்தும் விலக்கப்பட்டு, குழு மறைந்தது. ரசிகர்கள் அதே ஆண்டு வேறு பெயரில், இளைஞர் அணியோடு அடியிலிருந்து தொடங்கினார்கள்.

பெரிய இடமும் இதற்கு விலக்கல்ல. ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனம் 2013ல் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி. முதல் பருவத்திலேயே ஐ-லீக்கை வென்றது; 2016ல் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிப்போட்டி வரை போனது. 2025ல் இந்தியன் சூப்பர் லீக் நடக்குமா என்பதே தெரியாத நிலை வந்தபோது, அவர்கள் அந்த ஆகஸ்டில் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். இளையோர் அணிகள் தொடரும் என்றும் சொன்னார்கள். எதை நிறுத்தினார்கள், எதைத் தொட மறுத்தார்கள் என்று கவனியுங்கள்.

இனி நம் அளவுக்கு வருவோம். நகரில் சூப்பர், ஏ, பி, சி என்று பிரிவுகள் உண்டு. 'ஏ' பிரிவில் ஆடும் ஒரு குழுவின் இளைஞர்கள் கணக்கைப் பார்த்துத் தரும்படி என்னிடம் வந்தார்கள். ஒரு நல்ல மனிதர் 10 லட்சம் தருகிறாராம்; சூப்பர் டிவிஷன் வேண்டுமாம். அவர்கள் புள்ளிகளை முழு எண்களாக்கிக் கீழே தருகிறேன். பள்ளிப் பிள்ளைகளும் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

வரவு: உறுப்பினர் 100 பேர், மாதம் 200 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 2,40,000. சிறுவர் பயிற்சி முகாமில் 40 பேர், மாதம் 600 வீதம் பத்து மாதத்துக்கு 2,40,000. மலர் விளம்பரமும் நன்கொடையும் 1,20,000. ஆக 6,00,000. செலவு: பயிற்சியாளர் 1,80,000, ஆட்டக்காரர் பயணமும் உணவும் 1,60,000, மைதான வாடகை 1,20,000, உடையும் பந்தும் 80,000, பதிவும் மருத்துவமும் 40,000. ஆக 5,80,000. மிச்சம் 20,000.

இளைஞர்களின் திட்டம் என்ன? 22 ஆட்டக்காரர்களுக்கு மாதம் 4,000 வீதம் பத்து மாதம், 8,80,000. இன்னொரு பயிற்சியாளருக்கு 1,20,000. பத்து லட்சமும் தீர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த நல்ல மனிதரின் வியாபாரம் சரிந்தால்? மிச்சம் 20,000ஐ வைத்து 10 லட்சம் பள்ளத்தை அடைக்க 50 ஆண்டு ஆகும். அதற்கு முன்பே கடை மூடப்படும். அப்போது சனிக்கிழமை முகாமுக்கு வரும் அந்த 40 பிள்ளைகளுக்கும் போக இடமில்லை. அவர்களில் பாதிப் பேர் வீட்டில் வேறு எந்த வகுப்புக்கும் பணம் கட்ட முடியாதவர்கள்.

ரயில்வேயில் கனமான புதிய எஞ்சின் ஒன்று வந்தால், அது எவ்வளவு வேகம் போகும் என்று பார்ப்பதற்கு முன், வழியிலுள்ள பழைய பாலம் அந்த அச்சுச் சுமையைத் தாங்குமா என்று பார்ப்போம். தாங்காவிட்டால் எஞ்சினைத் திருப்பி அனுப்புவதில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டிக்கொண்டே பாலத்தை வலுப்படுத்துவோம்.

அப்படியே இதற்கும் ஒரு வழி எழுதிக் கொடுத்தேன். திரும்பத் திரும்ப வரும் செலவில் புரவலர் பணத்தைப் போடாதீர்கள். 3,00,000 வைப்பில் இருக்கட்டும். அது ஏறக்குறைய அரை ஆண்டுச் செலவு. 1,50,000க்கு கோல் கம்பமும் வலையும் கருவிகளும். 1,00,000க்குப் பழைய ஆட்டக்காரர் இருவரை அகில இந்தியக் கூட்டமைப்பின் பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்புக்கு அனுப்புங்கள். சான்றிதழ் இருந்தால் பெற்றோர் நம்பிப் பிள்ளையை அனுப்புவார்கள். வேறொரு மைதானத்தில் இரண்டாவது முகாம் தொடங்கி 40 பேர் சேர்ந்தால் ஆண்டுக்கு 2,40,000 வரும்; பயிற்சியாளருக்கும் இடத்துக்கும் ஒரு லட்சம் போக 1,40,000 நிற்கும். மீதி 4,50,000ஐப் புரவலர் மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 1,50,000 தரட்டும். இரண்டும் சேர்ந்தால் ஆட்டக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 13,000 ரூபாய் கொடுக்கலாம். முதல் திட்டத்தில் 40,000. வித்தியாசம் பெரிதுதான், அணித் தலைவர் முகம் சுளித்ததில் நியாயம் உண்டு. நல்ல ஆட்டக்காரர் இருவர் வேறு குழுவுக்குப் போனாலும் போகலாம். ஆனால் மூன்றாம் ஆண்டு முடிவில் புரவலர் விலகினால் விழும் பள்ளம் 10 லட்சமல்ல, 1,50,000. அதை உறுப்பினர்கள் தூக்கிவிடலாம். புரவலர் இதற்குச் சம்மதித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கும் முதல் திட்டத்தைவிட இது நிம்மதியாக இருந்ததாம்.

இன்னொரு வரவு உண்டு. நம்மவர்கள் அதைத் தேடுவதே இல்லை. 2001 முதல் ஃபிஃபா விதிப்படி, ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்தில் பணத்துக்கு நாடு விட்டு நாடு குழு மாறினால், அத்தொகையில் 5 விழுக்காடு, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த குழுக்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். நம் தெருப் பையனுக்கு அப்படி நடக்குமா என்று சிரிக்காதீர்கள். நடந்தால் கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். எந்தப் பருவம் எந்தப் பிள்ளை எந்தக் குழுவில் பதிவானான் என்ற தாள் பல குழுக்களில் இருப்பதில்லை. பீரோவில் கோப்பைகள் மட்டும் இருக்கும். ஆகவே பிறப்புச் சான்றின் நகல், பதிவு எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி நான்கையும் ஒரே பேரேட்டில் எழுதுங்கள். பெற்றோர் கையெழுத்தும் அதிலேயே இருக்கட்டும். அந்தப் பேரேடு செயலாளர் வீட்டில் இருக்கக்கூடாது, குழுவின் அறையில் இருக்க வேண்டும். செயலாளர்கள் வீடு மாறுவார்கள்.