முதுகில் வரும் பேற்று வலி

"கூடை சுமந்த முதுகு, வலிக்கத்தானே செய்யும்" என்று நிறைமாதப் பெண்கள் லயத்திலேயே படுத்துவிடுவதுண்டு. விட்டு விட்டு வந்து, வரவரக் கூடும் முதுகு வலி பேற்று வலியாகவே இருக்கலாம். உடனே மருத்துவிச்சிக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பனிக்குடம் உடைந்தாலோ இரத்தம் பட்டாலோ ஒரு நிமிசமும் பொறுக்கக் கூடாது.

பிள்ளையின் பின்மண்டை தாயின் முதுகெலும்புப் பக்கம் இருந்தால் இப்படி வலிக்கலாம். மல்லாந்து படுத்தால் கூடும். முழங்காலையும் கைகளையும் ஊன்றி, பிள்ளை தவழ்வது போல இருந்து, இடுப்பை மெல்ல ஆட்டிப் பாருங்கள். துணைக்கு வந்த அம்மாவோ மாமியாரோ ஒவ்வொரு வலிக்கும் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் முதுகின் அடியில் அழுத்திப் பிடிக்கட்டும். சும்மா தடவினால் போதாது, நல்லா அழுத்தணும். எந்த இடம், எவ்வளவு என்று வலிக்கிறவளே சொல்லுவாள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. கிருமி நீக்கிய வெறும் தண்ணீரை முதுகின் அடியில் நாலு இடத்தில், தோலுக்குள்ளே ஊசியால் ஏற்றுவார்கள். அதில் மருந்தே கிடையாது. அரை நிமிசம் குளவி கொட்டினது மாதிரி எரியும். பிறகு ஒன்றிரண்டு மணித்தியாலம் முதுகு வலி தணியலாம். வயிற்று வலி குறையாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் இது இல்லை. கிளினிக் போகிற நாளிலேயே கேட்டு வையுங்கள். துணைக்கு ஆள் விடுவார்களா என்பதையும் அன்றைக்கே கேளுங்கள்.