புற்றுநோய்ப் பரிசோதனை: எந்தக் கணக்கைப் பார்ப்பது?



சென்ற ஆண்டு நமது சங்க அலுவலகத்துக்கு ஒரு பரிசோதனை நிலையத்தார் வந்திருந்தார்கள். உறுப்பினர்களுக்குச் சலுகை விலையில் 'முழு உடல் புற்றுநோய்ப் பரிசோதனை' செய்து தருவதாகச் சொன்னார்கள். ரத்தத்தில் ஏழெட்டு வகை, வயிற்று ஸ்கேன், கழுத்து ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. பலர் அங்கேயே பணம் கட்டிவிட்டார்கள். நாங்களும் பையில் கைவிட்டோம். கட்டுவதற்கு முன் ஒன்று கேட்டோம்: "வாயைத் திறந்து பார்ப்பீர்களா?" "அது இதில் வராது" என்றார்கள்.

அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் கூட்டாளி ஒருவர் முப்பது ஆண்டு வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டவர். காரம் சாப்பிட்டால் வாய் எரிகிறது என்றார். கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. "பொங்கல் சரக்கு இறங்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பொங்கல் போய்ச் சித்திரை வந்தது, தீபாவளியும் வந்தது. டாக்டரிடம் போனபோது கழுத்தில் கட்டி. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை. அவர் போட்ட புகையிலை எங்கள் கடைச் சரக்குதான் என்பதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு இந்த விஷயத்தைக் கொஞ்சம் படித்தும் கேட்டும் அறிந்தோம். நாம் படித்தது பள்ளிப் படிப்புத்தான் என்றாலும் கணக்கு நமக்குத் தெரியும். புற்றுநோய்ப் பரிசோதனையும் ஒரு கணக்கு விஷயமே. ஆனால் பேரேட்டில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

நம்மிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கும் ஒருவர் மார்கழியில் கடையை மூடப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நமக்கு ஐப்பசியில் தெரிந்தாலும் தை மாதமே தெரிந்தாலும், வசூலுக்கு வழி இல்லையென்றால் நட்டம் ஒன்றுதான். முன்னால் தெரிந்துகொண்டவன் கூடுதலாக ஒன்பது மாதம் தூக்கத்தைத் தொலைத்தான், அவ்வளவே. நோயும் அப்படித்தான். "கண்டுபிடித்த பின் இத்தனை ஆண்டு இருந்தார்" என்பது மட்டும் லாபம் ஆகாது. முன்னதாகக் கண்டுபிடித்ததால் அந்த ஆண்டுகள் கூடித் தெரியலாம். பரிசோதனை நடந்த ஊரில் அந்த நோயால் இறந்தவர்கள் குறைந்தார்களா என்பதே உண்மையான ஐந்தொகை.

தென் கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். 1999-இல் அங்கே அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் சிறு கட்டணம் கூடுதலாகக் கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் பார்க்கலாம் என்று மருத்துவமனைகள் சேர்த்துக்கொண்டன. 2011-இல் தைராய்டு புற்று என்று சொல்லப்பட்டவர்கள் 40,000-க்கும் மேல். 1993-இல் இருந்த அளவைப் போல 15 மடங்கு. பெரும்பாலோர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்கள். ஆனால் அந்த நோயால் இறந்தவர்கள் எண்ணிக்கை முன்பு போலவே ஆண்டுக்கு 300, 400 என்றுதான் நின்றது. அதாவது வாழ்நாள் முழுவதும் ஒரு தொல்லையும் தந்திராத சிறு கட்டிகளைத் தேடிப்பிடித்துக் கத்தி வைத்தார்கள். சங்க அலுவலகத்துக்கு வந்தவர்களின் பட்டியலிலும் கழுத்து ஸ்கேன் இருந்தது என்பதை நினைவூட்டுகிறோம். ரத்தப் பரிசோதனைகளில் சிலவும், நோய் உள்ளவருக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க உதவுபவை. நன்றாக இருப்பவரிடம் நோய் தேட ஏற்றவை அல்ல.

இதற்கு நேர் எதிராகவும் ஏமாறலாம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980-களின் தொடக்கத்திலிருந்து நகரத்துப் புற்றுநோய்க் கணக்கை எழுதி வருகிறது. தொடக்கத்தில் பெண்களிடம் முதலிடம் கருப்பை வாய்ப் புற்றுக்கு. ஆண்டுக்கு ஆண்டு அது இறங்க, மார்பகப் புற்று ஏறி முதலிடத்துக்கு வந்துவிட்டது. பரிசோதனை எல்லோருக்கும் எட்டும் முன்பே இந்த இறக்கம் தொடங்கிவிட்டது. திருமண வயது கூடியது, பிள்ளைப்பேறு குறைந்தது, தண்ணீரும் கழிப்பிட வசதியும் வந்தது ஆகியவற்றைக் காரணமாகச் சொல்கிறார்கள். எனவே ஒரு கோடு இறங்குவதைக் கண்டதும் பரிசோதனைக்கு வரவு வைத்துவிடக் கூடாது. பரிசோதித்த ஊரையும் பரிசோதிக்காத ஊரையும் ஒரே காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தது வேறெங்கோ இல்லை. நமக்குக் காய்கறி வரும் ஒட்டன்சத்திரத்தை உள்ளடக்கிய திண்டுக்கல் மாவட்டத்தில்தான். 2000-ஆம் ஆண்டு தொடங்கி, அம்பிளிக்கை மருத்துவமனையும் வெளிநாட்டு, உள்நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தினார்கள். ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கியது போல 57-ஐ ஒரு பக்கமும் 57-ஐ மறு பக்கமும் வைத்தார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்கள். ஒரு பக்கத்தில் பயிற்சி பெற்ற நர்சுகள் ஒரே ஒரு முறை பரிசோதனை செய்தார்கள். அதற்கு வேண்டிய மருந்து என்ன தெரியுமா? நம் கடை அலமாரியில் நிற்கும் வினிகரில் இருக்கிறதே, அந்த அசெட்டிக் அமிலம். அதை 4 சதவீத அளவில் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். துவரம்பருப்பு மூட்டையில் முதல் வண்டு தெரிந்தவுடன் வெயிலில் காயவைத்தால் மூட்டை தப்பும் அல்லவா? அதுபோலப் புற்றாக மாறும் முன்பே அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்துவிடலாம்.

பரிசோதனை அறிவிக்கப்பட்ட பக்கத்தில் 49,311 பெண்கள், வந்தவர்கள் 31,343. மறு பக்கத்தில் 30,958 பேர். 2006 வரை பார்த்ததில் முதல் பக்கத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் 83, மறு பக்கத்தில் 92. வராமல் வீட்டிலிருந்தவர்களையும் முதல் பக்கத்துக் கணக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள். நேர்மையான கணக்கு அது. வயது முதலிய வித்தியாசங்களைச் சரிசெய்த பின் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைவு என்று 2007-இல் வெளியிட்டார்கள். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் இதே அமில முறை அந்த அளவு பலன் தரவில்லை. அங்கே நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடும் சோதனை, ஒரே முறை செய்தும், இறப்பை ஏறக்குறைய பாதியாக்கியது. கிடைக்கும் இடத்தில் அதுவே மேல்.

வாய்க்கு வருவோம். 1996 முதல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 35 வயதுக்கு மேற்பட்ட 1,90,000 பேரை இரு பக்கமாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். ஸ்கேனும் ரத்தமும் இல்லை. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்று இறப்பு 34 சதவீதம் குறைந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் பலன் தெரியவில்லை. ஆகவே முதலில் வாயைத் திறக்க வேண்டியவர்கள் யார் என்பதில் சந்தேகமில்லை. நம் கடைகளில் கல்லாவில் உட்காருபவர்களிலும் மூட்டை தூக்குபவர்களிலும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

மார்பகத்துக்கு மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபது ஆண்டு பார்த்தார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் கையால் தடவிப் பார்க்கும் முறைதான். 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. இளையவர்களிடம் அப்படித் தெரியவில்லை. மிகுந்த வயதுக்காரர்கள் தவறவிடக் கூடாது.

இந்த மூன்றையும் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணமில்லாமல் பார்க்கிறார்கள். இருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் மாநிலத்தில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. நாடு முழுவதும் எடுத்தால் இரண்டு பேர். கடையைப் பார்க்க ஆளில்லை என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதை நாமே கேட்டிருக்கிறோம். அரை நாள் கல்லாவில் நாம் உட்கார்ந்தால் முடிகிற காரியம்.

ஒன்று சொல்ல வேண்டும். திண்டுக்கல்லில் 3,088 பேருக்கு வெள்ளை தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. மறுபடி வரச் சொன்னால் அழுதுகொண்டு வீட்டில் உட்கார வேண்டாம், போக வேண்டும். மாதவிலக்கு நின்ற பின் ரத்தம் படுதல், மார்பில் கட்டி, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் இவை இருந்தால் முகாமுக்குக் காத்திராமல் மறுநாளே டாக்டரிடம் போக வேண்டியவை.

சென்ற தை மாதம் எங்கள் வீட்டுப் பெண்கள் மூவரும் போய் வந்தார்கள். மூத்த மருமகளை மட்டும் திரும்ப வரச் சொன்னார்கள். பத்து நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சதையெடுத்துப் பார்த்ததில் வெறும் புண் என்று வந்தது. அன்று மாலையே நாங்கள் குடோனுக்குப் போய், மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பதினோரு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, டார்ச் அடித்து வாயைப் பார்த்தோம். சிரித்தார்கள். இருவர் கன்னத்தில் வெள்ளைத் திட்டு. கூலி பிடிக்காமல் மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.