ஈஜிஆர் வால்வு: கழற்றும் முன் கண்டறியுங்கள்

ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு வேலை தேடுகிறீர்களா? 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 நடப்பில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டுப் பாகங்களைக் கையாளத் தெரியாமல் பட்டறையில் இனி காலம் தள்ள முடியாது. வாரண்டி முடிந்த பிக்கப் வண்டி வீட்டில் நின்றால், ஈஜிஆர் வால்விலிருந்து தொடங்கலாம்.

இந்த வால்வு, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்புகிறது. எரியும்போது வெப்பம் குறைவதால் நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது. அதே புகையிலுள்ள கரி படிந்துதான் வால்வு சிக்கிக்கொள்கிறது. திறந்தபடி சிக்கினால் கரும்புகை வரும், இழுவை குறையும். மூடியபடி சிக்கினால் செக் இன்ஜின் விளக்கு எரியலாம். ஸ்கேனரில் பி0401 என்ற பிழைக் குறியீடு வரும்.

முதலில் சோதனை

பி0401 என்றால் புகையோட்டம் போதவில்லை என்றுதான் பொருள்; வால்வு போய்விட்டது என்றல்ல. கனெக்டர், வயரிங், கரி அடைத்த குழாய், வேக்குவம் வகையானால் அதன் ஹோஸ் எல்லாவற்றையும் பாருங்கள். டர்போ ஹோஸ் கிழிந்தாலும் கரும்புகை வரும். கரி மட்டும்தான் சிக்கல் என்றால், கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும்.

மாற்றும் முறை

1. இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள்.
2. புதிய வால்வின் பாக எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்கள்.
3. கூலன்ட் குழாய் இணைந்திருந்தால் கூலன்டை வடித்துவிடுங்கள்.
4. கனெக்டரை எடுத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றித் தளர்த்தி, வால்வைக் கழற்றுங்கள். கரி உள்ளே விழாமல் துவாரத்தைத் துணியால் மூடி, பொருந்தும் முகத்தைத் துடையுங்கள். பொருத்தும் முன் துணியை மறவாமல் எடுங்கள்.
5. புது கேஸ்கெட் போட்டுப் புதிய வால்வைப் பொருத்தி, போல்ட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள்.
6. கூலன்ட் நிரப்பி, பேட்டரியை இணைத்து, பிழைக் குறியீட்டை அழியுங்கள். எலக்ட்ரிக் வால்வுக்குச் சில வண்டிகளில் ஸ்கேனரால் அடாப்டேஷனும் செய்ய வேண்டும். ஓட்டிப் பார்த்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

குறுக்கு வழி வேண்டாம்

‘தகடு வைத்து அடைத்துவிடு’ என்று யாராவது சொல்வார்கள். டீசல் வண்டியின் புகைச் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை என்பதால் சான்றிதழ்கூடக் கிடைக்கலாம். ஆனால் ஊர்க்காற்றில் அது கலக்கத்தான் செய்யும். புதிய வண்டிகளில் இசியூவே ஓட்டம் இல்லாததைக் கண்டுபிடித்து விளக்கை எரியவிடும்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேனர் காட்டியதைப் படம் எடுத்து வையுங்கள். நேர்காணலில் ‘எப்படிக் கண்டுபிடித்தாய்?’ என்ற கேள்விக்கு அதைக் காட்டிப் பேசலாம்.