மழைக்காலமும் யானைக்கால் காய்ச்சலும்

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டது. நடவுக்காகச் சேற்றில் நிற்பவர்களுக்கும், தெருவில் தேங்கிய தண்ணீரில் நடந்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும் காலம் இது. மற்றவர்களுக்கு அது சில நாள் அரிப்போடு போய்விடும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களை அது படுக்கையில் தள்ளிவிடும். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி உள்ளே புகுந்தால் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கும், தொடையிடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து எரியும். இப்படி ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் வீக்கம் முன்பைவிடக் கூடித்தான் நிற்கிறது.

ஆகவே இன்றிரவே காலைக் கழுவத் தொடங்குங்கள். வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரும் சோப்பும் போதும். தோல் மடிப்புகளிலும் விரலிடுக்குகளிலும் மெதுவாகத் தேய்த்து, சோப்பு முழுவதும் போகும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் தங்கும் இடத்தில்தான் பூஞ்சை வளர்கிறது என்பதால் விரலிடுக்கைத் துடைக்காமல் எழுந்துவிடக் கூடாது. வெடிப்பு இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் களிம்பு வாங்கிப் போடுங்கள். படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வைத்து உயர்த்துங்கள். உட்கார்ந்திருக்கையில் கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். குனிந்து கழுவ முடியாத பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் தினமும் கழுவிவிட வேண்டும். தொட்டால் இந்த நோய் ஒட்டாது. அதற்குப் பயந்து ஒதுங்கி நிற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

காய்ச்சல் வந்துவிட்டால் அசைவுப் பயிற்சியை நிறுத்திவிட்டு ஓய்வெடுங்கள். குளிர்ந்த ஈரத்துணியைக் காலில் போடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படும். சூடு போடுவது, கீறிவிடுவது, பச்சிலை அரைத்துக் கட்டுவது எதுவும் கூடாது.

“வருஷா வருஷம் மாத்திரை போட்டேனே, வீக்கம் வடியவில்லையே” என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இந்த நோயைத் தரும் உசெரெரியா பான்கிராஃப்டி என்னும் நூல்போன்ற புழு நிணநீர்க் குழாய்களில் ஐந்தாறு ஆண்டுகள்கூட வாழும். அத்தனை காலம் தாக்குப்பிடிக்க அது நம் நோய் எதிர்ப்பு சக்தியையே அடக்கிவைக்கிறது. வீக்கத்தைக் கிளப்பும் அணுக்களுக்குக் கடிவாளம் போடும் இன்டர்லூகின்-10 என்ற பொருள் உடலில் கூடுகிறது. அதனால்தான் ரத்தத்தில் அந்தப் புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்களை ஏராளமாகச் சுமப்பவர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறார். முற்றிய யானைக்கால் உள்ளவரின் ரத்தத்திலோ பெரும்பாலும் நுண்புழுவே இருப்பதில்லை. அவரிடம் எஞ்சியிருப்பது பழுதான நிணநீர்க் குழாய்களும், அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் கிருமித்தொற்றும்தான். மாத்திரை நுண்புழுவை அழிக்கும், பழுதான குழாயைச் சீராக்காது. அந்தக் காலுக்குத் தினசரிப் பராமரிப்புதான் மருந்து.

அப்படியானால் நன்றாக இருப்பவர் எதற்கு மாத்திரை போட வேண்டும்? அவர் ரத்தத்திலிருந்துதான் கொசு நுண்புழுவை எடுத்து அடுத்தவருக்குக் கொண்டுபோகிறது. உங்கள் பகுதியில் சுகாதாரத் துறை டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகளைக் கொடுத்தால் சாப்பிட்ட பிறகு, ஊழியர் முன்னிலையிலேயே விழுங்கிவிடுங்கள். சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேர்த்துத் தருகிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கர்ப்பிணிகளும், கடும் நோயில் இருப்பவர்களும் சாப்பிடக் கூடாது.

மாத்திரை போட்ட ஓரிரு நாளில் சிலருக்குக் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும். இதைப் பார்த்துத்தான் பலர் அடுத்த முறை மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்கிறார்கள். நடப்பது இதுதான்: புழுவுக்குள் வுல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. நுண்புழுக்கள் கூட்டமாகச் சாகும்போது அதுவும் உடைந்து ரத்தத்தில் கலக்க, அதுவரை அடங்கிக் கிடந்த எதிர்ப்பு சக்தி விழித்துக்கொள்கிறது. நுண்புழு அதிகம் இருந்தவருக்கே இந்தத் தொந்தரவும் அதிகம். பெரும்பாலும் பாரசிட்டமாலிலும் ஓய்விலும் தணிந்துவிடும். மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வுல்பாக்கியாவையே குறிவைக்கும் டாக்ஸிசைக்ளின் சிகிச்சை நான்கு முதல் ஆறு வாரம் நீளும். அதை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இந்த நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடும். மழை விட்ட ஒரு நாளில் செப்டிக் டேங்க் மூடியின் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள், அதன் காற்றுக் குழாய் வாயில் வலைத்துணி கட்டுங்கள். இந்தக் கொசு இரவில் கடிப்பது என்பதால் எல்லோரும் கொசுவலைக்குள் படுப்பது நல்லது.

இலங்கை இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதை 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது. அதை எட்ட, நுண்புழு யாரிடம் இருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒதுங்கி, இரவில்தான் தோலை ஒட்டிய ரத்தத்துக்கு வருகின்றன; ரத்தம் எடுக்கும் ஊழியர்கள் இரவில் வருவது அதனால்தான். கதவைத் தட்டினால் திறந்து, தூங்கப்போன பிள்ளைகளையும் எழுப்பி, விரலை நீட்டச் சொல்லுங்கள்.